பண்ணைப்புரம் தந்த பண்ணிசைச் செல்வர்

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

'பாட்டு பொழுதுபோக்கு, படிப்புத்தான் வாழ்க்கை' என்று பெரியோர்கள் கூறக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஐந்தாம் வகுப்பில் ஆசையோடு பாட்டு வகுப்பிலோ கிதார் வகுப்பிலோ சேருகிறோம். எட்டாம் வகுப்பில் ஆர்வம் பெருகுகிறது. பத்தாம் வகுப்பு வந்ததும், "பரீட்சை முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்ற சொல்லோடு வாத்தியம் உறைக்குள் போய் விடுகிறது. பரீட்சைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பதால் அந்தப் 'பிறகு' பலருக்கு வருவதே இல்லை. இசை ஒரு படிப்பா, இல்லையா? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் எடுத்துக்கொண்ட சான்று இசைஞானி இளையராஜா அவர்களின் வாழ்க்கை. பாடகர், பாடலாசிரியர், கிதார்க் கலைஞர், இசையமைப்பாளர் என்று நான்கு நிலைகளிலும் விளங்குபவர் அவர். அவர் எப்படிக் கற்றார் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைக்கு அந்தப் பக்கம்

நம் இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். 2021-ஆம் ஆண்டு இம்மலைப்பகுதி திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காப்பகத்தின் ஒரு பக்கம் நம்முடைய விருதுநகர் மாவட்டம், மறுபக்கம் தேனி மாவட்டம். மேகமலைக்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. அப்பகுதியில் மலையடிவாரத்தை ஒட்டியிருக்கும் சிற்றூரே பண்ணைப்புரம். அங்கே 1943-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்தவர் இளையராஜா. பெற்றோர் இட்ட பெயர் ஞானதேசிகன். பள்ளியில் வழங்கிய பெயர் ராஜையா.

அந்த ஊரில் இசைப்பள்ளி ஏதும் இல்லை. நடவு வயலிலும் களத்து மேட்டிலும் பெண்கள் பாடிய பாட்டுகளே முதற்பாடம். அண்ணன் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடும் புகழ்பெற்ற பாடகர். மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் புதுச் சொற்களைப் பொருத்திப் பாடுவதில் அவர் வல்லவர். ஏறத்தாழப் பதினான்கு வயதில் தம்பி ராஜையா அண்ணனின் குழுவில் சேர்ந்தார். பள்ளிப் பருவத்தை மேடைப் பருவம் விழுங்கிவிட்டது. தொடக்கத்தில் பெண் குரலில் பாடுவது அவர் வேலை. வளர வளரக் குரல் உடைந்தது. அந்நிலையில் பலர் இசையையே விட்டுவிடுவார்கள். அவரோ ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்துவிட்டார். குரல் கைவிட்டபோது விரல் கைகொடுத்தது எனலாம்.

சுமார் பத்து ஆண்டுகள் இக்குழு ஊர் ஊராகச் சென்றது. இன்ன மெட்டுக்கு மக்கள் தலையசைப்பார்கள், இன்ன தாளத்துக்குக் கை தட்டுவார்கள் என்பதை எந்தப் பாடநூலும் சொல்லித் தருவதில்லை; மேடை சொல்லித் தந்தது. 1964-ஆம் ஆண்டு நேரு மறைந்தபோது கவிஞர் கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு ராஜையா மெட்டமைத்தார். அதுவே அவருடைய முதல் இசையமைப்பு என்று கூறுவர்.

இருபத்தைந்து வயதில் ஒரு மாணவர்

1968-ஆம் ஆண்டு, சகோதரர்களுடன் ராஜையா சென்னைக்குப் புறப்பட்டார். வழிச்செலவுக்காகத் தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை விற்று நானூறு ரூபாய் கொடுத்தனுப்பினார் என்பதை இளையராஜா பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். பாட்டுக் கேட்கும் பெட்டியை விற்றுப் பிள்ளைகளைப் பாட்டுப் படைக்க அனுப்பிய அத்தாயின் துணிவை எண்ணி வியக்கிறோம்.

சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. ஆர்மோனியம் வாசிப்பார், நூற்றுக்கணக்கான பாட்டுகள் மனப்பாடம். ஆனால் இசையை எழுதவோ, எழுதியதைப் படிக்கவோ தெரியாது. மொழியைச் சரளமாகப் பேசத் தெரிந்தும் எழுத்துத் தெரியாதவரின் நிலை அது. மயிலாப்பூரில் ஒரு சிறிய அறையில் மேற்கத்திய இசை கற்பித்து வந்தார் தன்ராஜ் மாஸ்டர். அவரிடம் போய் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். ராஜையா என்ற பெயரை 'ராஜா' என்று சுருக்கியவரும் அந்த ஆசிரியரே.

மேற்கத்திய இசை முறையில் ஐந்து கோடுகளின் மேலும் இடையிலும் புள்ளிகள் வைத்து இசையை எழுதுவார்கள். புள்ளி மேலே ஏறினால் சுரம் ஏறும். கீழே இறங்கினால் சுரம் இறங்கும். புள்ளியின் வடிவத்தைப் பார்த்தால் எத்தனை நேரம் ஒலிக்க வேண்டும் என்பது தெரியும். இந்த எழுத்து முறையை ஸ்டாஃப் நொட்டேஷன் என்கிறோம். இதனால் ஒரு பெரும் பயன் உண்டு. எழுதியவர் ஓர் ஊரில் இருக்கலாம். வாசிப்பவர் மொழி தெரியாத வேறொரு நாட்டில் இருக்கலாம். தாள் போய்ச் சேர்ந்தால் இசை போய்ச் சேரும். பின்னாளில் புடாபெஸ்ட் நகரத்துக் கலைஞர்களும் இலண்டன் நகரத்துக் கலைஞர்களும் பண்ணைப்புரத்துக்காரரின் இசையை வாசித்தது இந்த எழுத்தின் வலிமையால்தான்.

கிதார் என்னும் ஆசான்

தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற காலத்தில் ராஜா கிதார் கற்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரி 1872-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் பாடத்திட்டத்தைக் கடல் கடக்காமலே பயின்று, செவ்வியல் கிதாரில் தங்கப் பதக்கம் பெற்றார். ஊர் மேடையில் ஆர்மோனியம் வாசித்தவர் இப்பதக்கம் பெற எத்தனை இரவுகள் விழித்திருப்பார் என்பதை, விரல் நுனி காய்த்துப் போன நம் பாடகர் குழுத் தோழியர் நன்கு அறிவார்கள்.

நம் பள்ளிச் சிற்றாலயத்தில் ஒலிக்கும் கிதாரை நாம் நாள்தோறும் கேட்கிறோம். ஆனால் அது எப்படி இயங்குகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

கிதாருக்கு ஆறு தந்திகள். முதல் தந்தியும் ஆறாம் தந்தியும் ஒரே சுரம். இடையில் இரண்டு ஸ்தாயி வேறுபாடு. வீணையில் 'மெட்டு' என்று நாம் கூறும் குறுக்குக் கட்டைகள் கிதாரிலும் உண்டு. அவற்றை ஃப்ரெட் என்பார்கள். ஒரு தந்தியை அப்படியே மீட்டினால் ஒரு சுரம் ஒலிக்கும். பன்னிரண்டாம் கட்டையில் அழுத்தி மீட்டினால் தந்தியின் நீளம் சரிபாதியாகிறது. அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கிறது. நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பாகும் என்னும் இயற்பியல் விதிதான் இங்கே வேலை செய்கிறது.

இனி ஒரு சிறு சோதனை. ஏதேனும் ஒரு தந்தியின் திறந்த ஒலியை 'ஸ' என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் கட்டையில் 'ப' கிடைக்கும். நான்காம் கட்டையில் அந்தர காந்தாரம் கிடைக்கும். ஸ, அந்தர காந்தாரம், ப ஆகிய மூன்றையும் வெவ்வேறு தந்திகளில் பிடித்து ஒன்றாக மீட்டினால் மனம் மலர்ந்தது போன்ற ஒலி எழும். இப்போது காந்தாரத்தை மட்டும் ஒரு கட்டை இறக்கிச் சாதாரண காந்தாரம் ஆக்குவோம். மற்ற இரண்டும் அப்படியே இருக்கட்டும். மீட்டினால் ஒலியில் ஏக்கம் படர்ந்திருக்கும். ஒரு விரல், ஒரு கட்டை, அவ்வளவே மாற்றம்! இப்படிச் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தைக் கிதார் வாசிப்பவர்கள் 'கார்டு' என்கிறார்கள்.

நம் கருநாடக இசையும் நாட்டுப்புற இசையும் ஒற்றை இழையாக ஓடுபவை. ஒரு நேரத்தில் ஒரு சுரம்; அதன் அசைவிலும் குழைவிலும் அழகு. மேற்கத்திய இசையோ பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து அழகு காண்கிறது. நூற்பாலைகள் நிறைந்த ஊர்க்காரர்களாகிய நமக்கு இதை விளக்குவது எளிது. நூல் எத்தனை உயர்ந்த நூலாக இருந்தாலும் பாவும் ஊடும் சேர்ந்தால்தான் துணி. மெட்டு என்னும் நீள இழையோடு, கூட்டுச் சுரங்கள் என்னும் குறுக்கு இழையைச் சேர்த்து நெய்யும் கலையைத்தான் ராஜா கிதாரின் வழியே கற்றார். கிராமத்துப் பாட்டை மாற்றாமல், அதன் அடியில் எந்தக் கூட்டுச் சுரத்தை வைக்கலாம் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

கிதார் ஸ்பெயின் நாட்டில் வளர்ந்த வாத்தியம். இன்று நாம் காணும் செவ்வியல் கிதாரின் அளவையும் உள்ளமைப்பையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தோனியோ தெ தோரெஸ் என்னும் தச்சுக் கலைஞர் செப்பம் செய்தார். ஸ்பானியர்கள் சென்ற நாடுகளில் எல்லாம் அது வேரூன்றியது. மெக்சிகோ நாட்டில் மரியாச்சி என்னும் ஊர்ப் பாட்டுக் குழுக்கள் பலவகைக் கிதார்களோடு தெருவிலும் திருமணத்திலும் பாடுகின்றன. 2011-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலகப் பண்பாட்டு மரபாக ஏற்றது. அதே மெக்சிகோவில் மானுவல் போன்ஸே (1882-1948) என்னும் இசைமேதை, தம் நாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டிக் காத்ததோடு, செவ்வியல் கிதாருக்கும் அரிய படைப்புகளை எழுதினார். ஊர்ப் பாட்டையும் உலக இசையையும் ஒருவரே உள்ளத்தில் ஏந்த முடியும் என்பதற்கு அங்கே அவர் சான்று. இங்கே நம் இசைஞானி சான்று.

அன்னக்கிளியும் அதன் பின்னும்

கற்ற வித்தை உடனே சோறு போடவில்லை. வேறு இசையமைப்பாளர்களின் பாடல் பதிவுகளில் கிதாரும் ஆர்கனும் வாசித்துப் பிழைத்தார் ராஜா. வங்காளத்து இசையமைப்பாளர் சலில் சௌதுரியிடம் வாசித்தார். ஜி.கே. வெங்கடேஷ் அவர்களிடம் உதவியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். டி.வி. கோபாலகிருஷ்ணன் அவர்களிடம் கருநாடக இசையும் பயின்றார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எட்டு ஆண்டுகள் அடி வைத்த பிறகு அம்மி நகர்ந்தது.

1976-ஆம் ஆண்டு மே மாதம் 'அன்னக்கிளி' திரைப்படம் வெளிவந்தது. வாய்ப்பளித்தவர் பஞ்சு அருணாசலம். ஏ.எம். ராஜா என்ற பெயர்பெற்ற பாடகர் முன்பே இருந்ததால், 'இளைய' என்ற அடைமொழியைச் சேர்த்து 'இளையராஜா' ஆக்கியவரும் அவரே. முதல் பாடலைப் பதிவு செய்யத் தொடங்கிய வேளையில் மின்சாரம் நின்றுவிட்டதாம். இதை இளையராஜாவே மேடைகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். சகுனம் பார்த்துத் தளர்ந்திருந்தால் நமக்கு இந்த இசை கிடைத்திருக்காது அல்லவா?

படம் வெளிவந்ததும் எஸ். ஜானகி பாடிய அப்பாடல்கள் ஊரெங்கும் ஒலித்தன. அடுத்த ஆண்டு பாரதிராஜா இயக்கிய '16 வயதினிலே' வந்தது. தமிழ்த் திரையில் கிதாரும் வயலின் கூட்டமும் முன்பே இருந்தன. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் போன்றோர் அவற்றைச் சிறப்பாகவே பயன்படுத்தியிருந்தனர். இளையராஜாவின் புதுமை வேறு. வயல்வெளிப் பாட்டையும் பறையோசையையும் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு இணையாக வயலின்களுக்கும் புல்லாங்குழலுக்கும் கிதாருக்கும் தனித்தனி வழி அமைத்தார். ஒவ்வொரு வாத்தியமும் தனக்கென்று ஒரு மெட்டை வாசிக்கும்; எல்லாம் சேர்ந்தால் ஒரே பாட்டு. இதற்கு மேற்கத்திய இசையில் கவுன்டர்பாயின்ட் என்று பெயர். திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வடம் பிடிப்பவர் பலர்; ஒவ்வொருவர் நிற்கும் இடமும் இழுக்கும் விதமும் வேறு. ஆனால் தேர் ஒரே வழியில் போகிறது.

1980-ஆம் ஆண்டு வெளிவந்த 'மூடுபனி' அவருடைய நூறாவது படம். அன்னக்கிளிக்குப் பின் நான்கே ஆண்டுகள்! அப்படத்தில் யேசுதாஸ் பாடிய 'என் இனிய பொன் நிலாவே' என்னும் பாடல் கிதாரை மையமாகக் கொண்டது. 1982-ஆம் ஆண்டு 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய 'இளைய நிலா' பாடலின் தொடக்கக் கிதார் இசையை வாசிக்கப் பழகாத கிதார் மாணவர் தமிழ்நாட்டில் அரிது. நம் தோழியரில் சிலரும் விடுமுறையில் அதைத்தான் பயின்று வருகிறார்கள்.

அவர் வேலை செய்யும் முறை வியப்புக்குரியது. வாத்தியத்தைத் தொட்டுப் பார்க்காமலே எல்லா வாத்தியங்களுக்கும் உரிய சுரங்களை நேரே தாளில் எழுதிவிடுவார். அவை படியெடுக்கப்பட்டுக் கலைஞர்கள் கைக்குப் போகும், ஒத்திகை நடக்கும், பதிவு நடக்கும். நாம் கணக்குப் பாடத்தில் விடையைக் கண்டுபிடித்துக்கொண்டே எழுதுகிறோம். அவரோ முழு விடையையும் மனத்துக்குள் கேட்ட பின்பே எழுதுகிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இவ்வாறு எழுதியிருக்கிறார் என்றால் அது இயற்கைக் கொடை மட்டும் அன்று. எழுத்துப் பயிற்சியின் பயனும் ஆகும்.

பாடகரும் பாடலாசிரியரும்

உடைந்த குரல் என்று ஒரு காலத்தில் ஒதுங்கிய அவரே பிற்காலத்தில் பாடகராகவும் புகழ்பெற்றார். 1982-ஆம் ஆண்டு 'தாய் மூகாம்பிகை' படத்துக்காகப் பாடிய 'ஜனனி ஜனனி' இன்றும் பல இல்லங்களில் காலையில் ஒலிக்கிறது. 'நாயகன்' (1987) படத்தின் 'தென்பாண்டிச் சீமையிலே' பாடலில், இனிமையைவிட உண்மையே மேலோங்கி நிற்கும் அக்குரலைக் கேட்கிறோம். 'இதயக் கோவில்' (1985) படத்தின் 'இதயம் ஒரு கோவில்' பாடலை அவரே எழுதினார். பின்னர் பல பாடல்களை எழுதியுள்ளார்.

1985-ஆம் ஆண்டின் 'சிந்து பைரவி' நம்மைப் போன்ற பெண்பிள்ளைகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய படம். கருநாடக இசையில் கரைகண்ட பாடகர் ஒருவரிடம், மக்கள் பாடும் தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடமில்லையா என்று ஒரு பெண் கேட்கிறாள். கேட்டதோடு நில்லாமல் எளிய நாட்டுப்பாடல் ஒன்றைப் பாடத் தொடங்கித் தியாகராசர் கீர்த்தனையில் கொண்டு சேர்க்கிறாள். அக்கீர்த்தனை வழக்கமாகக் காம்போதி இராகத்தில் பாடப்படுவது. இளையராஜா சாரமதியில் அமைத்தார். அப்பாடலுக்காகப் பாடகி சித்ராவுக்கும், படத்தின் இசைக்காக இளையராஜாவுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. இதுவரை ஐந்து தேசிய விருதுகளை அவர் பெற்றிருக்கிறார். அவருடைய மகள் பவதாரிணியும் 'பாரதி' (2000) படத்தில் தந்தையின் இசையில் பாடித் தேசிய விருது பெற்றவர். 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் மறைந்தது இசை அன்பர்களுக்குப் பேரிழப்பு.

திரைக்கு அப்பால்

திரைப்படத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1986-ஆம் ஆண்டு 'ஹௌ டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டு, அதைத் தியாகராசருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக் அவர்களுக்கும் காணிக்கையாக்கினார். திருவையாற்றையும் ஜெர்மனியையும் ஒரே தாளில் எழுத முடியும் என்று அதில் காட்டினார். 1988-ஆம் ஆண்டு புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியாவோடு இணைந்து 'நத்திங் பட் விண்ட்' வெளியிட்டார்.

2005-ஆம் ஆண்டு மாணிக்கவாசகரின் திருவாசகத்தை மேற்கத்திய இசைக்குழுவோடு இசைத்து வெளியிட்டார். வாசித்தவர்கள் அங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினர். அதற்கு முன்னின்று உதவியது தமிழ் மையம் என்னும் அமைப்பு. அதை நடத்தியவர் ஜெகத் கஸ்பர் ராஜ் என்னும் கத்தோலிக்கக் குருவானவர். சைவத் திருமுறைக்குக் கத்தோலிக்கக் குரு உதவ, அங்கேரியக் கலைஞர்கள் வாசிக்க, பண்ணைப்புரத்துக் கலைஞர் இசையமைத்தார். பல சமயத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பறையில் அமர்ந்து படிக்கும் நம் பள்ளிக்கு இச்செய்தி மகிழ்ச்சி தரும் என்பதில் ஐயமில்லை.

நம் பகுதியோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. ஆழ்வார் பாசுரங்களுக்கு அவர் இசையமைத்த 'திவ்ய பாசுரங்கள்' நிகழ்ச்சி, 2024-ஆம் ஆண்டு டிசம்பரில், மார்கழி பிறப்பதற்கு முந்தைய நாள் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் வளாகத்தில் நடைபெற்றது. அவரும் வந்திருந்தார். முப்பது பாசுரங்கள் கொண்ட திருப்பாவையைப் பாடிய ஆண்டாள் பிறந்த ஊர் அது. தமிழில் பாட்டுக் கட்டிய பெண்களில் முதன்மையானவர் வாழ்ந்த மண்ணில் நாமும் வளர்கிறோம் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

1993-ஆம் ஆண்டிலேயே இலண்டன் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்காகச் சிம்பொனி ஒன்றை எழுதினார். அது பதிவு செய்யப்பட்டும் வெளிவரவில்லை. அவர் தளரவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2025-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள், 'வேலியன்ட்' என்ற பெயர் கொண்ட அவருடைய சிம்பொனி இலண்டன் அப்பல்லோ அரங்கில் இசைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது எண்பத்தொன்று. 2010-இல் பத்மபூஷண், 2018-இல் பத்மவிபூஷண், 2022-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி என்று நாடு அவரைப் பெருமைப்படுத்தியுள்ளது. ஆனால் எண்பத்தொன்றாம் வயதிலும் புதியதை எழுதிக்கொண்டிருந்தார் என்பதே மாணவியராகிய நமக்குப் பெரிய செய்தி.

நாம் பெறும் பாடம்

இசை ஒரு படிப்பா என்று முதலில் கேட்டோம். எழுத்து உண்டு, இலக்கணம் உண்டு, கணக்கு உண்டு, இயற்பியல் உண்டு, ஆசிரியர் உண்டு, தேர்வும் உண்டு. இத்தனையும் உள்ள ஒன்றைப் படிப்பு அன்று என்று எப்படிக் கூறுவது? இளையராஜாவை 'பிறவி மேதை' என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்லும்போது, இருபத்தைந்து வயதில் அரிச்சுவடி கற்க உட்கார்ந்த பணிவையும், விரல் காய்க்கக் கிதார் பழகிய உழைப்பையும், பிறர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டு எட்டு ஆண்டுகள் காத்திருந்த பொறுமையையும் நாம் காணத் தவறுகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறோம். திரையிசையில் பாடும் பெண்கள் பலர் புகழ்பெற்றார்கள். வாத்தியம் வாசித்தவர்களிலும் இசை எழுதியவர்களிலும் பெண்கள் மிகச் சிலரே. பாடுவதற்குக் குரல் போதும் என்று எண்ணிப் பெண்களுக்கு இசையின் எழுத்தைக் கற்றுக்கொடுக்காமல் விட்டதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆண்டாள் பிறந்த மண்ணில் இந்நிலை நீடிக்கலாமா? நம் பாடகர் குழுவில் கிதார் பழகும் தோழியர் அதை நிறுத்திவிடக் கூடாது. மேல்குரலும் கீழ்க்குரலும் வெவ்வேறு வரிகளில் பாடும் கிறிஸ்துமஸ் பாடல்களை மனப்பாடமாக மட்டும் பாடாமல், ஐந்து கோட்டுத் தாளைப் பார்த்துப் படிக்கவும் முயல வேண்டும். கற்பிக்க அருட்சகோதரிகள் ஆயத்தமாக இருக்கிறார்கள். கற்கும் மனம் நம்மிடம் இருக்க வேண்டும்.

அன்பார்ந்த பெற்றோர்களே! பத்தாம் வகுப்புத் தேர்வை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. கணக்கும் அறிவியலும் கருத்தாகப் படிப்போம் என்று உறுதி கூறுகிறோம். பள்ளியில் தொடர்ந்து படிக்க இளையராஜாவுக்கு வாய்ப்பு இருந்ததில்லை. உங்கள் உழைப்பால் எங்களுக்கு அது இருக்கிறது. அதை வீணாக்க மாட்டோம். மாலையில் அரைமணி நேரம் மட்டும் வாத்தியத்துக்கு விட்டுத் தாருங்கள். வானொலிப் பெட்டியை விற்று வழியனுப்பிய தாயைப் போல நீங்கள் எதையும் விற்க வேண்டாம். உறைக்குள் இருக்கும் கிதாரை எடுத்துக்கொள்ள அனுமதித்தால் போதும்.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு